பெட்டியில் வந்த லினக்ஸும் கூடவே வந்த புத்தகமும்

இன்றைக்கு லினக்ஸ் வேண்டும் என்றால் என்ன செய்கிறோம்? நெட்டிலிருந்து டவுன்லோட் செய்து, பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்துவிடுகிறோம். லினக்ஸ் ஒரு காலத்தில் அட்டைப்பெட்டியில் போட்டுக் கடையில் விற்கப்பட்டது என்று சொன்னால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பெட்டிக்குள் சிடிக்கள், ஒரு பூட் பிளாப்பி, கூடவே அச்சிட்ட புத்தகங்கள் இருக்கும். அந்தப் புத்தகங்களின் அருமையை நான் உணர்ந்தது, ஒரு பெரிய தவறு செய்த பிறகுதான்.

அது 2000ஆம் ஆண்டு. ரெட் ஹேட் லினக்ஸ் 6.2 வெளிவந்திருந்த நேரம். அறந்தாங்கியில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் அக்காவுடையது. விண்டோஸ் 98 போட்டு, அதில் டிடிபி வேலை செய்துவந்தாள். வீட்டில் இன்டர்நெட் கிடையாது. பிரவுசிங் சென்டருக்குப் போகப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். வெளியூரில் வேலை பார்த்த மாமா, ஊருக்கு வரும்போது ஒரு ரெட் ஹேட் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் சிடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். புத்தகம் பெட்டியிலேயே இருந்தது. இன்ஸ்டால் செய்யும்போது வொர்க்ஸ்டேஷன், சர்வர், கஸ்டம் என்று சில வழிகள் திரையில் வந்தன. சர்வர்தான் பெரியது, அதில்தான் எல்லாம் இருக்கும் என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுத்தேன்.

சர்வர் முறையில் இன்ஸ்டால் செய்தால், கம்ப்யூட்டரில் உள்ள எல்லா ஹார்ட் டிஸ்க்குகளிலும் உள்ள எல்லாப் பார்ட்டிஷன்களும் அழிக்கப்படும். வொர்க்ஸ்டேஷன் முறை, ஏற்கெனவே இருக்கும் லினக்ஸ் பார்ட்டிஷன்களை மட்டும் அழிக்கும். கஸ்டம் முறையில் எதை அழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதை நாமே முடிவு செய்யலாம். இதெல்லாம் புத்தகத்தில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

விண்டோஸ் போனது. அதோடு, ஒரு கல்லூரி மாணவிக்காக அக்கா டைப் செய்து முடித்திருந்த 140 பக்க ஆய்வேடும் போனது. பிளாப்பியில் நகல் இல்லை. அக்கா திட்டவில்லை. "டேய், அந்தப் புத்தகத்தை எதுக்குடா உள்ள வச்சிருக்கான்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் டைப் செய்ய ஆரம்பித்தாள். பதினோரு இரவுகள் ஆயின.

அந்தப் பதினோரு இரவும் கம்ப்யூட்டர் எனக்குக் கிடைக்கவில்லை. கையில் புத்தகம் மட்டும்தான் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். 'முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்' என்பதுதான் அது சொன்ன முதல் பாடம். ஹார்ட் டிஸ்க் எவ்வளவு பெரியது, ராம் எவ்வளவு, என்ன வீடியோ கார்டு, என்ன மானிட்டர் என்றெல்லாம் கேட்டது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். பார்ட்டிஷன் என்றால் என்ன, ஸ்வாப் எதற்கு என்பதெல்லாம் கம்ப்யூட்டரைத் தொடாமலேயே புரிந்தது.

அச்சுப் புத்தகத்தின் பலம் இதுதான். கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் நின்றுவிட்டால், அதற்குள் இருக்கும் ஹெல்ப் பைலும் நின்றுவிடும். மேஜைமேல் இருக்கும் புத்தகம் நிற்காது.

குறைகளும் இருந்தன, மறுக்கவில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துப் பாடத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றார்கள். அவர்கள் கையில் இருந்தது தமிழ்ப் புத்தகம். எனக்கு அந்த வசதி இல்லை. அடுத்த வெர்ஷன் வந்ததும் புத்தகத்தின் பாதி பழையதாகிவிடும் என்பது இன்னொரு குறை.

2003இல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 9தான் அந்த வரிசையில் கடைசி. அதற்கான ஆதரவும் 2004 ஏப்ரலில் முடிந்தது. பிறகு உபுண்டு சிடிக்கள் தபாலில் இலவசமாக வந்தன. 2011இல் அதுவும் நின்றது. பெட்டிகள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. லினக்ஸ் எல்லோருக்கும் எளிதாகக் கிடைப்பது நல்லதுதான். ஆனால், முதலில் படி, பிறகு கிளிக் செய் என்ற பழக்கமும் பெட்டியோடு சேர்ந்து போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால், உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை இன்ஸ்டால் செய்யும்போது, டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்யலாமா என்று ஒரு வழி திரையில் வரும். அன்று நான் தேர்ந்தெடுத்த சர்வருக்கு இன்றைய பெயர் அதுதான்.

எனவே, இன்ஸ்டால் செய்வதற்கு முன் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். முக்கியமான பைல்களை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் போடப்போகும் லினக்ஸின் இன்ஸ்டலேஷன் கையேடு நெட்டில் இலவசமாகவே கிடைக்கும். பார்ட்டிஷன் பற்றிய பக்கங்களையாவது பிரின்ட் எடுத்துப் படியுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது, நீங்கள் என்னென்ன மாற்றினீர்கள் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள்.

இனி யாரும் உங்களுக்குப் பெட்டியில் புத்தகம் வைத்துத் தரப்போவதில்லை. உங்கள் கம்ப்யூட்டருக்கான புத்தகத்தை நீங்களேதான் எழுத வேண்டும். அந்த ரெட் ஹேட் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் நான் பென்சிலால் எழுதி வைத்தது: 'அக்காவிடம் கேட்காமல் எதையும் அழிக்காதே.'