பெரியப்பாவின் தொண்டை

லைட்டர் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. இந்த வாரமும் அதுதான் கிளறிவிட்டது. கோவில்பட்டியில் ஒரு பெட்டிக்கடையில் தீப்பெட்டி கேட்டேன். இல்லையாம். லைட்டர் மட்டும் சரம் சரமாகத் தொங்குகிறது. தீப்பெட்டி செய்கிற ஊரில் தீப்பெட்டி இல்லை! 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023-லேயே தடை செய்தாயிற்று. பிறகும் எங்கிருந்து வருகிறது? 14 வருஷம் ஒரு ரூபாயில் நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. மானாவாரி பொய்த்த வருஷங்களில் கரிசல் வீடுகளில் உலை கொதித்தது அந்தக் குச்சியை நம்பித்தான்.

இதே புலம்பலோடு வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்குப் பாஞ்சாலங்குறிச்சி போனேன். அங்கே கோபம் இடம் மாறிவிட்டது.

பெரியப்பா வில்லுப்பாட்டில் கட்டபொம்மன் கதை சொல்கிறவர். 1801-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து, இடிந்த கோட்டையை மறுபடி எழுப்பும் கட்டம் வந்தால் மைக் இல்லாமலே தெருக்கோடிவரை கேட்கும். இந்தமுறை அங்கேதான் குரல் உடைந்தது. செருமினார். மறுபடி செருமினார். பின்பாட்டுக்காரர்தான் அடியெடுத்துக் கொடுத்துச் சமாளித்தார். நாற்பது வருஷத்துப் பீடி.

"வெறும் சளிதாம்லே. ஒரு பீடி இழுத்தா இளகிரும்" என்றார்.

இல்லை பெரியப்பா. மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. சளியை ஓயாமல் மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிவிட்டு, சளி சுரப்பதையும் கூட்டுகிறது. தேங்கினதை வெளியேற்ற உடம்புக்கு மிஞ்சுவது இருமல் ஒன்றுதான். புகையில் குரல்நாண்களும் வீங்குகின்றன, குரல் தடித்துப்போகிறது.

பீடியை விட்டால் முதல் சில வாரம் இருமல் கூடலாம். நுண்மயிர்கள் வேலைக்குத் திரும்புகின்றன என்று அர்த்தம். "விட்ட பெறகுதான் சளி பிடிச்சிச்சு" என்று பலபேர் மறுபடி பற்றவைப்பது இந்த இடத்தில்தான். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அதுவரை வெதுவெதுப்பான தண்ணீரை அடிக்கடி குடிக்கலாம். உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கலாம். ஆவி பிடிக்கலாம். கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி தொண்டைக்கு இதம். செருமத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். செருமும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதிப் புண்ணாகும். இதெல்லாம் இதம் மட்டுமே. பீடியை விடுவதுதான் மருந்து. கரகரப்பு மூன்று வாரம் தாண்டினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, விழுங்க வலித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். குரல்வளைப் புற்றுநோய் பெரும்பாலும் குரல் மாற்றமாகத்தான் முதலில் தலைகாட்டும்.

தீக்குச்சியில் பற்றவைத்தாலும் லைட்டரில் பற்றவைத்தாலும் உள்ளே போகிற புகை ஒன்றுதான். இத்தனை நாள் லைட்டரைப் பற்றியே எழுதிவிட்டேன். பெரியப்பா சொல்கிற கதை எந்த ஏட்டிலும் இல்லை. அந்தத் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது.

புகையிலையை விட உதவும் அரசின் இலவச எண் 1800112356. பெரியம்மா அதைக் காலண்டரில் குறித்துக்கொண்டார். பேசுகிறேன் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். பேசினாரா என்று தினமும் போன்போட்டுக் கேட்பேன்.