ஒளிப்படமும் ஒப்பனையும்

நுழையும் முன்

படமெடுக்கும் நாளில் எல்லாரும் கண்ணாடியின் முன் சற்றுக் கூடுதல் நேரம் நிற்பர். அந்நேரத்தை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பது குறித்து இக்கருத்துரை பேசுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பின் பிரிவுபசார விழா நெருங்கும்போது பள்ளிகளில் இருவகைப் பரபரப்புக் காணப்படும். ஒன்று தேர்வு பற்றியது. மற்றொன்று படம் பற்றியது. மாணவியர் சிலர் அழகு நிலையத்தில் முன்பதிவு செய்கின்றனர். மாணவர் சிலர் முடிதிருத்தகத்தில் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சுக்கும் சேர்த்துப் பணம் தருகின்றனர். எஞ்சிய வேலையைக் கைப்பேசிச் செயலி செய்து முடிக்கிறது. அது நிறத்தை வெளுக்கச் செய்கிறது, தாடையைச் சுருக்குகிறது, கன்னத்துப் பருவையும் மச்சத்தையும் அழித்துவிடுகிறது. இறுதியில் கிடைப்பது அழகிய படமாக இருக்கலாம். ஆயினும் அது யாருடைய படம் என்னும் கேள்வி எழாமல் இராது.

படத்திற்காக ஒப்பனை செய்துகொள்வது தவறன்று. அதனை இயன்றவரை தன் கையாலேயே செய்துகொள்ள வேண்டும். உள்ள முகம் தெளிவாகத் தெரியுமாறு செய்துகொள்ள வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. தன் கையால் ஒப்பனை செய்பவர் தன் முகத்தை உற்றுநோக்கியே ஆக வேண்டும். அதனைப் பிறர் கையில் ஒப்படைப்பவரோ பெரும்பாலும் அவர் மனத்திலுள்ள ஒரு முகத்தைப் பெற்றுக்கொண்டு திரும்புகிறார்.

படம் யாருக்கு?

கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் 1963-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றன. அடிக்கடி இடமாற்றம் பெறும் நடுவண் அரசு ஊழியர், படைவீரர் ஆகியோரின் பிள்ளைகளுடைய கல்வி தடைபடக் கூடாது என்பதே அவற்றின் நோக்கம். இத்தகைய பள்ளிகளில் நட்பு ஆழமானது. எனினும் குறுகிய காலத்தது. ஜோத்பூரில் ஒரே இருக்கையில் அமர்ந்தவர் மறு ஆண்டில் ஜோர்ஹாட்டில் இருப்பார். பின்னர் நண்பரிடம் எஞ்சி நிற்பது ஒரு படமே. அந்தப் படத்தில் மச்சமும் இல்லை, உண்மை நிறமும் இல்லை என்றால், நண்பர் பாதுகாத்து வைத்திருப்பது அயலார் ஒருவரின் முகத்தையே.

அடையாளப் படத்தில் இதன் விளைவு இன்னும் நேரடியானது. பொதுத்தேர்வு நுழைவுச்சீட்டில் உள்ள படத்தையும் எதிரே அமர்ந்திருக்கும் மாணவரையும் அறைக் கண்காணிப்பாளர் ஒப்பிட்டுப் பார்க்கிறார். அங்கே அழகுக்கு வேலையில்லை, ஒற்றுமைக்கே வேலை.

கருவியின் குறை

தன் படத்தைக் கண்டு மனம் சோர்பவர் பலர். குறை தம் முகத்தில் இருப்பதாக அவர்கள் எண்ணுகின்றனர். வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. 1839-இல் ஒளிப்படக்கலை உலகிற்கு அறிமுகமானபோது ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. தலை அசையாமலிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி வைத்தனர். பழைய படங்களில் காணப்படும் இறுகிய முகங்களுக்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் வந்த கருப்பு வெள்ளைத் தகடுகள் சிவப்பு நிறத்தை உணராமையால் சிவந்த உதடுகள் கருத்துத் தெரிந்தன. வண்ணப்படம் பரவிய காலத்தில் கோடாக் நிறுவனம் நிறச் சமநிலையைச் சரிபார்க்க வெள்ளையினப் பெண்ணின் படம் கொண்ட அட்டைகளை நெடுங்காலம் பயன்படுத்தியது. அதனால் கருநிற முகங்கள் தெளிவின்றிப் பதிந்தன. முகங்கள் குறையற்றவை, அளவுகோலே ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

அந்த அளவுகோல் இன்றும் பலர் மனத்தில் உள்ளது. 1975 முதல் இந்தியாவில் விற்பனையான ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்னும் முகப்பூச்சு, 2020-இல் ‘ஃபேர்’ என்னும் சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கியது. பெயர் மாறியது, வெளுப்பே அழகு என்னும் எண்ணம் இன்னும் மாறவில்லை. மருத்துவரைக் கேளாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் சில நாள் நிறம் கூடியதுபோல் காட்டும். பின்னர்த் தோலை மெலியச் செய்து பருக்களைப் பெருக்கும். ஒருநாள் படத்திற்காகப் பல ஆண்டுக்கால முகத்தைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.

கண்ணாடி காட்டும் முகம்

படம் பிடிக்காமல் போவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டுகிறது. நாள்தோறும் இடப்பக்கம் கண்டு பழகிய வகிடு, படத்தில் வலப்பக்கம் இருப்பது போலத் தோன்றும். முகமே கோணலாகிவிட்டது போன்ற மயக்கம் உண்டாகும். 1977-இல் வெளியான அமெரிக்க உளவியல் ஆய்வொன்றில், மாணவியருக்கு அவர்தம் முகம் இருவகையாக அச்சிட்டுக் காட்டப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கண்ணாடியில் தெரியும் வடிவத்தையே விரும்பினர். அவர்களுடைய தோழியரோ இயல்பான வடிவத்தை விரும்பினர். தனக்குப் பிடிக்காத அதே முகம் தன் தோழிக்குப் பிடித்த முகமாக இருக்கக்கூடும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

கைப்பேசியும் ஏமாற்றும். முகத்திற்கு ஓரடித் தொலைவில் வைத்து எடுத்தால், கருவிக்கு அருகிலுள்ள மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் பதியும். ஐந்தடித் தொலைவிலிருந்து பிறர் ஒருவர் எடுத்தால் அந்தக் குறை ஏறக்குறைய மறைந்துவிடும். தொலைவை மாற்றினாலே தீரும் ஒன்றிற்காக முகத்தை மாற்ற முனைவது வீண்முயற்சி.

செய்யும் முறை

தன் கையால் செய்யும் ஒப்பனைக்குப் பொருள் பல வேண்டா. நேரமும் கவனமும் போதும். முடிவெட்டிக்கொள்ள விரும்புபவர் ஒரு வாரம் முன்பே வெட்டிக்கொள்வது நன்று. முந்தைய நாள் தலைக்குக் குளித்து நன்கு உலர்த்த வேண்டும். எண்ணெய் மிகுந்தால் விளக்கொளி பட்டுத் தலை மின்னும். முடி திட்டுத்திட்டாக ஒட்டித் தெரியும். நெற்றியில் விழும் முடி கண்ணின் மீது நிழல் வீழ்த்தும் ஆதலின், அதனை ஒதுக்கிக் கொண்டையூசியால் நிறுத்தலாம். பின்னலோ தலைப்பாகையோ, நாள்தோறும் உள்ளதையே சற்றுச் சீராக அமைத்தால் போதும். அறியாத சிகையலங்காரத்தைப் படமெடுக்கும் நாளில் முதன்முதலாக முயல்வது தகாது.

முகத்தைக் கழுவி, மூக்கிலும் நெற்றியிலும் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். பவுடர் பூசுவதாயின் தோலின் நிறத்தோடு ஒத்ததை மிகக் குறைவாகப் பூச வேண்டும். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு மிகுந்த பூச்சுகள் மின்னல் விளக்கின் ஒளியைத் திருப்பியனுப்பும். அப்போது முகம் மட்டும் வெளுத்துக் கழுத்து வேறு நிறமாகத் தெரியும். எனவே ஒப்பனையைச் சன்னலருகே பகலொளியில் சரிபார்த்தல் வேண்டும். புதிய பூச்சு எதனையும் முன்னதாகவே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஓரிரு நாள் பொறுத்து, அரிப்போ தடிப்போ இல்லையெனக் கண்ட பின்னரே முகத்திற்குப் பயன்படுத்த வேண்டும்.

மாற்றுக் கருத்துகள்

பயின்றவர் செய்யும் ஒப்பனை சிறப்பாக அமையுமே என்பர் சிலர். மேடைக்கு அது முற்றிலும் பொருந்தும். கதகளிக் கலைஞர் முகத்தில் ‘சுட்டி’ அமைக்கத் தனி வல்லுநர் வேண்டும். ஏனெனில் அங்கே மனிதர் மறைந்து பாத்திரம் தோன்ற வேண்டும். தன் படத்திற்கு அமர்பவர் ஏற்கும் வேடம் ஏதுமில்லை.

தழும்போ வெண்படையோ உடையவர் அதனை மறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். மறைப்பதும் மறைக்காமல் விடுவதும் அவரவர் உரிமை. அவ்வுரிமையை மதிப்பதற்காகவே தன் கையால் செய்தல் சிறந்தது எனப்படுகிறது. ஒருவரைக் கேளாமலேயே அவர் தழும்பை அழித்து, நிறத்தைக் கூட்டிப் படத்தைத் தரும் நிலையத்தார், அவரிடம் குறை உண்டு என்று சொல்லாமல் சொல்கின்றனர். ‘படத்தைத் திருத்த வேண்டா’ என்று முன்பே கூறும் துணிவு மாணவருக்கு வேண்டும். அவ்வாறு கூறுமாறு பெற்றோரும் ஆசிரியரும் ஊக்குவிக்க வேண்டும்.

சீவி முடித்த தலைமுடியின் அழகும் உடையின் அழகும் மஞ்சட்பூச்சின் அழகும் உண்மை அழகாகா. கல்வி தரும் அழகே அழகு என்பது நாலடியாரின் கருத்து. சீப்பையும் கண்ணாடியையும் எறிந்துவிடுமாறு அது கூறுவதாகக் கொள்ள வேண்டியதில்லை. தன்னை அறிதலும் கல்வியின் ஒரு பகுதியே. தன் முகத்தின் நிறம், வகிட்டின் பக்கம், சிரிப்பில் குழியும் கன்னம் ஆகியவற்றை அறிந்து, நாணாமல் படத்திற்கு அமரும் மாணவர் அக்கல்வியின் ஒரு பாடத்தைக் கற்றுவிட்டார் எனலாம். இருபது ஆண்டுகளுக்குப் பின் ஏதோ ஓர் ஊரில் பழைய நண்பர் ஒருவர் அப்படத்தை எடுத்துப் பார்த்துத் தம் பிள்ளைகளிடம் அவர் பெயரைத் தயங்காமல் சொல்வாராயின், அதுவே நல்ல படம்.

சிந்தித்து விடையளிக்க

1. தன் கையால் ஒப்பனை செய்துகொள்வதற்குக் கட்டுரை கூறும் காரணங்கள் யாவை?
2. ‘அளவுகோலே ஒருபக்கம் சாய்ந்திருந்தது’ – இத்தொடரை விளக்குக.
3. தன் படம் தனக்குப் பிடிக்காமல் போவதற்கான காரணங்கள் இரண்டனை எழுதுக.
4. கட்டுரையின் கருத்துகளுள் உமக்கு உடன்பாடில்லாத ஒன்றைக் குறிப்பிட்டு, அதற்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதுக.