பேரில்லாப் பிள்ளைகள்



குளவி கலைந்தால் மலையில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். முதலில் கண்டவர் "குளவி, குளவி" என்று கத்துவார். கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடுவோம். சில மாதங்களுக்கு முன் நமது அங்கத்தவர்கள் வேலை செய்யும் ஒரு தோட்டத்திலும் அப்படித்தான் ஓடினார்கள். ஒரு பிள்ளை மட்டும் நிரையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டே இருந்தது. 22 வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. பக்கத்து நிரைக்கார அக்கா திரும்பி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு விதமாகத்தான் எழுதியிருப்போம்.

கொட்டு வாங்கியவர்களின் பெயரை எழுதினார்கள். அந்தப் பிள்ளையின் பெயரை எழுதவில்லை. செக்ரோலில் அவளுக்குப் பேரே இல்லை. மூன்று வருடமாகக் கைக்காசுக்குத்தான் கொழுந்து எடுக்கிறாள். அதாவது சேமலாப நிதி இல்லை, நம்பிக்கை நிதி இல்லை. "ஊமைப் பிள்ளைக்கு எதற்குப் பேர், அம்மாவின் பேரில்தானே போகிறது" என்று பதில் வந்தது. சொன்னது துரை அல்ல. நமது தோட்டத் தலைவர்.

துரைமாரைத் திட்டுவது நமக்குப் பழகிப்போன வேலை. இம்முறை முதலில் நம்மைத் திட்டிக்கொள்வோம்.

லயத்தில் காது கேளாத பிள்ளை பிறந்தால் பாவம் என்கிறோம். சோறு போடுகிறோம், அடிக்காமல் பார்த்துக்கொள்கிறோம், கோவிலில் நேர்ந்துகொள்கிறோம். அன்பில் குறைவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மொழி கொடுக்கிறோமா? வீட்டில் நாமாகச் செய்யும் சைகை என்ன சொல்லும்? சாப்பிடு, வா, போ, மழை வருகிறது, துரை வருகிறார். அவ்வளவுதான். உன் சம்பளம் இவ்வளவு, இதில் இவ்வளவு பிடித்தார்கள், ஏன் பிடித்தார்கள், இந்தப் பையனைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா, இந்தத் தாளில் கைநாட்டு வைத்தால் என்ன ஆகும் – இவற்றுக்கு அந்தச் சைகை போதாது. சின்ன வயதிலேயே சைகை மொழி கிடைத்த பிள்ளை இதையெல்லாம் கேட்கும், வாதாடும், மறுக்கும். கிடைக்காத பிள்ளை தலையாட்டும். தலையாட்டுவதைப் பார்த்து நாம் "நல்ல பிள்ளை" என்கிறோம்.

பாடசாலை எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரத்மலானையில் இருக்கும் காது கேளாதோருக்கான பாடசாலை 1912 இல் தொடங்கியது. யாழ்ப்பாணம் கைதடியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நஃபீல்ட் பாடசாலை 1956 முதல் இருக்கிறது. ஹட்டனிலிருந்து கைதடிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று ஒரு தாய்க்குத்தான் தெரியும். ஒரு நாள் சம்பளத்தை விட்டு, விடுதியில் பிள்ளையை விட்டு, அழுதுகொண்டே திரும்ப வேண்டும். நுவரெலியாவிலும் பதுளையிலும் இத்தனை இலட்சம் தமிழர் வாழும்போது நமது பிள்ளை ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நாம் ரோட்டும் கூரைத் தகரமும் கேட்டிருக்கிறோம். இதைக் கேட்டதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டி வேலையிலோ கல்வியிலோ ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அரச துறை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வலுவிழந்தோருக்கு என்று 1988 இலேயே சுற்றறிக்கை வந்தது. ஆனால் 1992 இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சுற்றறிக்கை கம்பனியின் வாசலில் நின்றுவிடுகிறது. அதை உள்ளே கொண்டுபோவது சங்கத்தின் வேலை. 1000 ரூபாவுக்காக வருடக்கணக்கில் கத்தி 2021 இல் சம்பளச் சபை மூலம் எடுத்தோமே, அந்தத் தொண்டை இதற்கும் திறக்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒன்று. "நாங்க போன பிறகு யார் பார்ப்பா" என்று நீங்கள் இரவில் படும் பயம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் வங்கி அட்டையை அண்ணன் வைத்திருப்பதும், பிள்ளையைத் தனியாக டவுனுக்கு அனுப்பாததும் அந்தப் பயத்துக்கு மருந்து அல்ல. நீங்கள் இருக்கும்போதே அவன் தனியாகப் போய்ப் பணம் எடுத்துப் பழகட்டும். ஒருமுறை ஏமாறட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஏமாறுவது நல்லது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வாக்காளர் இடாப்பில் பெயர், மூன்றும் அவன் கைக்கு வரட்டும். இன்னொரு விஷயம்: ஃபோனில் பார்த்துப் பேசும் வசதி வந்த பிறகு வேறு ஊர்களில் தங்களைப் போன்றவர்களைக் கண்டுபிடித்து மணிக்கணக்கில் கையால் பேசும் இளைஞர்களைப் பார்க்கிறோம். "டேட்டா காசு வீண்" என்று அதைப் பிடுங்காதீர்கள். ஊர் வம்பு பேச நமக்கு இஸ்தோப்பு இருக்கிறது, அவனுக்கு அதுதான் இஸ்தோப்பு.

1948 இல் நமது பிரஜாவுரிமையைப் பறித்தபோது நம்மிடம் கேட்டுவிட்டா பறித்தார்கள்? நம்மைப் பற்றிப் பிறர் பேசி, பிறர் முடிவு செய்து, நாம் அனுபவித்தோம். அந்த அனுபவம் உள்ள நாம் நமது லயத்திலேயே ஒருவனை வைத்துக்கொண்டு அவனைக் கேட்காமல் எல்லாம் முடிவு செய்கிறோம்.

நிர்வாகத்திடம் சங்கம் வைக்கும் கோரிக்கை மூன்று. வேலை செய்யும் காது கேளாத ஒவ்வொருவரின் பெயரும் செக்ரோலில் ஏற வேண்டும். குளவி, மருந்து தெளிப்பு, மண்சரிவு எச்சரிக்கைகளுக்குச் சத்தம் மட்டும் போதாது. கொடியோ விளக்கோ வேண்டும், ஒவ்வொரு நிரையிலும் பக்கத்தில் நிற்பவருக்குப் பொறுப்பு கொடுக்க வேண்டும். 2014 இல் மீரியபெத்தையைப் பார்த்த பிறகும் இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? தொழில் திணைக்களத்தில் விசாரணை என்றால் சைகை மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும்.

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோட்டத்தில் 16 வயதுக்கு மேற்பட்ட காது கேளாதவர்களின் விபரம் எழுதிக் கொண்டுவாருங்கள்: பெயர், வயது, பள்ளிக்கூடம் போனாரா, செக்ரோலில் பேர் இருக்கிறதா, வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது. பெயர் என்ற இடத்தில் "ஊமையன்" என்று எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவோம். அவர்களையும் கூட்டிவாருங்கள். குளவி கொட்டிய அந்தப் பிள்ளை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்காகப் பேச அல்ல, அவள் சொல்வதை நமக்குச் சொல்ல, சைகை மொழி தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்.