அஞ்சிய முயலின் ஈற்று

மன அழுத்தம் இனப்பெருக்கத்தைக் கெடுத்துவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எடுத்துக்காட்டாக, கனடாவின் யூகான் காடுகளில் பனிமுயல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 10 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். லின்க்ஸ் போன்ற வேட்டை விலங்குகள் பெருகும்போது முயல்களின் உடலில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் கூடுகிறது, குட்டிகள் குறைகின்றன. தீனிப் பஞ்சமே காரணம் என்று வாதிடலாம். ஆனால் ஆய்வாளர்கள் சினைமுயல்களை அடைப்பில் வைத்து, பழக்கிய நாயைக் காட்டி மிரட்டிப் பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில், கடிபடாமலே அஞ்சிய தாய்களின் குட்டிகள் எடை குறைந்து பிறந்தன. எனவே அச்சமே போதும்.

அப்படியானால் கார்டிசால் வெறும் முட்டுக்கட்டையா? அதுவும் சரியில்லை. ஆஸ்திரேலியாவில் ஆன்டிகைனஸ் என்று எலியளவே உள்ள ஒரு பைப்பாலூட்டி உண்டு. அதன் ஆண்களுக்குப் புணர்ச்சிப் பருவத்தில் இதே ஹார்மோன் உச்சத்துக்கு ஏறுகிறது. குடல் புண்ணாகி, நோய் எதிர்ப்பு குலைந்து, ஒரு வயதுக்குள் செத்துப்போகின்றன. சாகும்வரை இணைசேர்வதை மட்டும் விடுவதில்லை! அவற்றுக்கு அடுத்த பருவம் என்பதே அநேகமாக இல்லை, பெண்முயலுக்கோ மறு ஈற்று உண்டு. ஒரே ஹார்மோன் இருவேறு வேலை செய்வதற்கு, எஞ்சியிருக்கும் ஆயுளைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.