நோயாளியின் கையொப்பம்: அறிந்து இடுவதா, அறியாது இடுவதா?

இரண்டு பரப்புத் தோட்டக் காணியை ஒருவர் விற்க விரும்பினால் அவர் நொத்தாரிசின் முன்னிலைக்குச் செல்ல வேண்டும். இரு சாட்சிகள் உடனிருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்த முறை இது. உறுதியை வாசிக்க இயலாதவராயின், நொத்தாரிசு அதனை வாசித்துக் காட்டி, பொருளை விளக்கிய பின்னரே கையொப்பம் பெறலாம். மண்ணுக்கு இத்துணைக் காவல் செய்துள்ள இந்நாட்டில், மனிதனுடைய உடலுக்கு எத்துணைக் காவல் உண்டு? இக்கேள்வியை நம்மவர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய காலம் வந்துள்ளது.

அண்மையில் முதிய கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். மடித்து வைத்திருந்த நான்கு பக்கக் கடதாசி ஒன்றை மேசைமேல் விரித்தார். "தம்பி, ஆஸ்பத்திரியில் இதிலே கையெழுத்து வாங்கினார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று ஒருக்கால் பார்த்துச் சொல்லும்" என்றார். முழுவதும் ஆங்கிலம். இரத்த அழுத்தத்துக்கான புதிய சிகிச்சை ஒன்றைப் பழைய சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பரீட்சையில் தாம் சேரச் சம்மதிப்பதாக அவர் ஒப்பமிட்டிருந்தார். மருந்து பெறுவதற்கான துண்டு என்றே அவர் எண்ணியிருந்தார். நான் வாசித்து விளக்கினேன். சிறிது நேரம் பேசாதிருந்து, "இதை அங்கேயே சொல்லியிருந்தால் நான் ஓமென்றுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

அந்தச் சொல்லிலே ஆழ்ந்த நியாயம் அடங்கியிருக்கிறது. அவர் பரீட்சையை எதிர்த்தாரில்லை. தம்மை ஒரு மனிதராக மதித்துக் கேட்கவில்லையே என்றுதான் வருந்தினார்.

சிகிச்சைப் பரீட்சை என்றவுடன் நம்மவர் சிலர் அஞ்சுகின்றனர்; எலியைப் போலத் தம்மை அறுத்துப் பார்ப்பர் என எண்ணுகின்றனர். இவ்வச்சம் அறியாமையின் பாற்பட்டது. உண்மையில் இம்முறையின் வேர் கமத்தொழிலிலேதான் இருக்கிறது. புதிய இன வெங்காயம் ஒன்று நல்ல விளைவு தரும் என்று ஒருவர் சொன்னால் நம் தோட்டக்காரர் என்ன செய்வார்? தோட்டம் முழுவதும் அதை நடமாட்டார். சில பாத்திகளிற் புதியதையும் சில பாத்திகளிற் பழையதையும் நட்டு, ஒரே கிணற்று நீரை இறைத்து, ஒரே எருவை இட்டு, அறுவடையில் இரண்டையும் நிறுத்துப் பார்ப்பார். ஆனால் கிணற்றடியிலுள்ள கொழுத்த நிலத்திற் புதியதையும், வேலியோரத்துச் சவர் நிலத்திற் பழையதையும் நட்டால் அந்த நிறுவை பொய்யாகும். எந்தப் பாத்திக்கு எது என்பதைத் திருவுளச் சீட்டு இட்டுத் தீர்மானித்தாலன்றி நடுநிலை வாராது. இங்கிலாந்தில் றொதம்ஸ்ரெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920களில் றொனால்ட் பிஷர் என்னும் அறிஞர் வகுத்த முறை இதுவே. பின்னர் அதே நாட்டில் காசநோய்க்கு ஸ்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்தபோது, 107 நோயாளரை இவ்வாறே இரு பிரிவாக்கினர். 1948இல் வெளிவந்த அம்முடிவு மருத்துவ உலகின் போக்கையே மாற்றியது.

ஆஸ்பத்திரியில் நடப்பதும் அதுவே. ஒரு சாராருக்குப் புதிய மருந்து. மற்றொரு சாராருக்கு இதுகாறும் வழங்கிய மருந்து, அல்லது மருந்துபோலத் தோற்றும் வெற்று மருந்து. எவருக்கு எது என்பதைச் சீட்டே தீர்மானிக்கும். பெரும்பாலும் வைத்தியரும் அறியார், நோயாளியும் அறியார். அறிந்தால் ஆசையும் அச்சமும் அளவுகோலைக் கோணச் செய்யும் என்பதே காரணம். முதலில் ஒரு சிலரிடத்தும், பின் சற்றுப் பலரிடத்தும், ஈற்றில் நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கானவரிடத்தும் படிப்படியாகச் சோதித்த பின்னரே புதிய மருந்தொன்று பொதுப் பாவனைக்கு வருகின்றது.

நம் நாட்டுக் கமக்காரனின் உயிரோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவேன். வயலிலும் தோட்டத்திலும் பாம்பு தீண்டினால் ஆஸ்பத்திரியில் விஷமுறிப்பு மருந்து ஏற்றுவர். குதிரைகளின் இரத்தத்திலிருந்து பெறப்படும் இம்மருந்து உயிரைக் காப்பது. ஆயினும் பலருக்கு ஒவ்வாமையால் உடல் தடித்தல், மூச்சு முட்டுதல், இரத்த அழுத்தம் வீழ்தல் ஆகிய எதிர்விளைவுகளையும் உண்டாக்குவது. அதைத் தடுக்க வைத்தியர்கள் மூன்று மருந்துகளை முன்கூட்டிக் கொடுத்துப் பார்த்து வந்தனர்: அதிரனலீன், புரொமெதசீன், ஹைட்ரோகோட்டிசோன். எது பயன் தருவது என்பதற்குத் தக்க சான்று இருக்கவில்லை. இலங்கையின் மூன்று ஆஸ்பத்திரிகளில் 1,007 நோயாளரைக் கொண்டு நடத்திய பரீட்சையின் முடிவு 2011இல் வெளிவந்தது. நால்வரில் மூவருக்கு எதிர்விளைவு ஏற்பட்டதென்பதும், சிறிய அளவு அதிரனலீன் கடுமையான எதிர்விளைவுகளை முதல் ஒரு மணி நேரத்தில் 43 வீதத்தாலும், 48 மணி நேரத்தில் 38 வீதத்தாலும் குறைத்ததென்பதும் தெளிவாயின. மற்றைய இரண்டும் பயனளிக்கவில்லை. ஹைட்ரோகோட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அதிரனலீனின் நன்மையே அற்றுப் போயிற்று!

இங்கே ஒன்றைக் குறித்துக் கொள்க. விஷமுறிப்பு மருந்து எல்லோருக்குமே கொடுக்கப்பட்டது. சீட்டு, கூடுதலான மருந்து எது என்பதை மட்டுமே தீர்மானித்தது. எனவே வெற்று மருந்துப் பிரிவில் விழுந்தால் சிகிச்சையின்றிச் சாகவிடுவர் என்பது பொதுவான உண்மையன்று. அந்த 1,007 பேரும் தமக்குப் பின் தீண்டப்படுவோருக்குச் செய்த உதவியை நாம் மறத்தல் ஆகாது.

அங்ஙனமாயின் அஞ்சுவதற்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. அதனையும் மறைக்கலாகாது. அமெரிக்காவின் ரஸ்கீகி என்னும் இடத்தில் மேகநோயுற்ற ஏறக்குறைய 400 கறுப்பின ஆடவரை, உண்மை கூறாமல், 1932 முதல் 1972 வரை அரசாங்க வைத்தியர்கள் பார்த்துக் கொண்டேயிருந்தனர். பென்சிலின் அந்நோயைத் தீர்க்கும் என்று அறிந்த பின்னரும் அதனைக் கொடுத்தாரில்லர். அந்நாட்டு ஜனாதிபதி 1997இல்தான் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆடவர் யார்? வறியவர்; அதிகாரமற்றவர்; கேள்வி கேட்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர். பரீட்சையின் பெயரால் அநீதி நடக்கும் போதெல்லாம் அது எளியவனையே தேடிச் செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஜேர்மனிய நாற்சி வைத்தியர்களின் கொடுமைகளை விசாரித்த நியூரம்பேர்க் மன்று, 1947இல் வகுத்த விதிகளில் முதலாவதாக வைத்தது மனிதனின் சுயவிருப்பமான சம்மதத்தையே. உலக வைத்தியர் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனமும் அதனையே வலியுறுத்தியது. நம் நாட்டிலும் விதி இல்லாமலில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மருந்துப் பரீட்சைகளைத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை கண்காணிக்கின்றது. அறநெறிக் குழுக்கள் பல்கலைக்கழகங்களில் உள்ளன. யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும் உண்டு. பரீட்சைகளைப் பொதுப் பதிவேட்டிற் பதியும் ஏற்பாடு 2006இலேயே தோன்றிவிட்டது. குறை விதியில் மட்டும் இல்லை. விதிக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தின் பெரும் பகுதி மொழியாகும்.

அரசியற் பத்திரிகையில் வைத்தியம் பேசுவது ஏன் என வினவுவோருக்கு இதுவே என் விடை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது கந்தோரிலும் நீதிமன்றிலும் நம் மொழிக்கு நேரும் கதியைப் பற்றியே பெரிதும் பேசினோம். மொழியுரிமை மறுக்கப்படுகையில் அதன் கொடுமை மனிதனின் நரம்புவரை செல்லும் என்பதை ஆஸ்பத்திரிக் கட்டில் காட்டுகின்றது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988இன் 16ஆவது திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழிலே கருமமாற்றும் உரிமையைத் தந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரும் அரச அலுவலரே. ஆகவே கொழும்பிலாயினும் அநுராதபுரத்திலாயினும், தமிழ் நோயாளியிடம் அவர் அறியாத மொழியில் ஒப்பம் பெறுவது அறத்திற்கு மட்டுமன்று, அரசியலமைப்பின் உணர்வுக்கும் முரணானது என்பது என் துணிபு. புரியாத மொழியில் இட்ட ஒப்பம் மையேயன்றிச் சம்மதம் அன்று.

வைத்தியருக்கு நேரமில்லை, நோயாளிக்கு விளங்காது என்று சிலர் மறுப்புரைப்பர். நேரமில்லை என்று நொத்தாரிசு உறுதியை வாசியாது விடுவாராயின் அதனை ஏற்போமா? விளங்காது என்பதும் பொருந்தாது. பாத்தியும் சீட்டும் கொண்டு மேலே கூறியது எந்தக் கமக்காரருக்கு விளங்காது? விளங்காதது விஷயமன்று, அதனைச் சொல்லும் நடையே. மொழிபெயர்ப்பு என்ற பெயரில் அகராதிச் சொற்களைக் கோத்துத் தரும் தமிழும் ஆங்கிலத்துக்குச் சற்றும் குறைந்த இருளன்று. வேண்டுவது, கிராமத்துத் தாய் ஒருத்தி வாசிக்கக் கேட்டவுடன் தலையசைக்கும் தமிழாகும்.

பரீட்சையொன்றில் சேருமாறு கேட்கப்படும் ஒவ்வொருவரும் இவற்றை வினவுக. முதலாவது, இது எனக்குச் செய்யும் வழக்கமான சிகிச்சையா, அன்றிப் பரீட்சையா? இரண்டாவது, எந்த மருந்துகள் ஒப்பிடப்படுகின்றன. வெற்று மருந்து எனக்கு வரக்கூடுமா? மூன்றாவது, இதனால் நேரக்கூடிய தீங்குகள் யாவை? நான்காவது, தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் நட்டஈடும் யார் பொறுப்பு? ஐந்தாவது, நான் மறுத்தாலும், இடையில் விலகினாலும், என் வழக்கமான சிகிச்சை குறைவின்றித் தொடருமா? ஐந்தாவது கேள்விக்கு விடை "ஆம்" என்பதாகவே இருத்தல் வேண்டும். வேறு விடை தருபவரிடம் ஒப்பமிடாதீர். படிவத்தின் பிரதியை வீட்டுக்குக் கொண்டு சென்று, மனைவி மக்களோடும் அறிந்தவரோடும் ஆலோசிக்க அவகாசம் கேளுங்கள். பாம்பு கடித்தவன் அவ்வாறு ஆலோசிக்க இயலாது. அத்தகைய வேளையில் உடன் வந்த உறவினருக்கு எடுத்துரைப்பதும், பின்னர் நோயாளி தெளிந்தபோது அவரையே கேட்பதும் முறையாகும்.

நம் பாராளுமன்ற உறுப்பினரிடம் நாம் கேட்க வேண்டியது பெரிதன்று. எந்தப் பரீட்சையும் தமிழ் நோயாளியிடம் தெளிந்த தமிழ்ப் படிவமின்றித் தொடங்கப்படலாகாது. வாசிக்க இயலாதவருக்கு ஆஸ்பத்திரிச் சேவையைச் சாராத ஒரு சாட்சியின் முன் வாசித்து விளக்கப்படல் வேண்டும். பரீட்சை முடிந்தபின் அதன் முடிவு, பங்குபற்றியவருக்கு அவர் மொழியிலேயே அறிவிக்கப்படல் வேண்டும். இம்மூன்றையும் சட்டத்தில் எழுதுவிப்பதற்குக் கோடிக்கணக்கான பணம் வேண்டா. மனம் வேண்டும். நம் தமிழ் வைத்தியர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்து நல்ல தமிழில் மாதிரிப் படிவம் ஒன்றை எழுதித் தருவார்களாயின், அரசு சாக்குச் சொல்லும் வழியும் அடைபடும். அப்பணியை அவர்கள் இன்றே தொடங்கலாம்.

அந்த முதியவர் பரீட்சையிலிருந்து விலகவில்லை. மறுமுறை ஆஸ்பத்திரிக்குச் சென்றபோது, இவ்வைந்து கேள்விகளையும் தாமே கேட்டு, விடை பெற்று, "இப்போதுதான் நான் கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லி வந்தார். அத்தகைய சம்மதமே விஞ்ஞானத்துக்கும் பெருமை, தமிழனுக்கும் பெருமை.