எருமை நாக்கும் ஒரு செருப்பும்

போன ஞாயித்துக்கிழமை குபேர் மார்க்கெட்டுல ஒரு தட்டை மீன். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் வெள்ளை, ரெண்டு கண்ணும் பழுப்புப் பக்கமே. "இது என்ன மீனுக்கா?"ன்னேன். "எரும நாக்கு தம்பி. முள்ளு கம்மி, தைரியமா எடுத்துட்டுப் போ."

அன்னிக்கு ராத்திரியே நண்பனோட ஒயிட் டவுன்ல ஒரு ஓட்டல். மெனுவுல 'சோல்'னு இருந்தது. வந்ததைப் பார்த்தா அதே மீன். "இது எருமை நாக்கு தானேங்க?"ன்னு கேட்டேன். பரிமாறினவர் சிரிச்சுக்கிட்டே, "எங்க வீட்டுல அப்படித்தான் சார் சொல்வோம். இங்க சொன்னா யாரும் சாப்பிட மாட்டாங்க"ன்னார்.

இதுதான் எனக்குப் புரியல மக்கா. பிரெஞ்சுல 'சோல்' எங்கேருந்து வந்தது தெரியுமா? லத்தீன்ல 'சோலியா', அதாவது செருப்பு! அவங்க செருப்புன்னு கூச்சமில்லாம எழுதிட்டு எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடறாங்க. நமக்கு எருமைன்னா அசிங்கம். அதுவும் இது அசல் சோல் கூட கிடையாது, வேற குடும்பம்.

இன்னொரு கூத்து, இதோட அறிவியல் பேரே 'செட்டோடஸ் எருமெய்'. நம்ம எருமையேதான்! தரங்கம்பாடி டேனிஷ்காரங்க கையில இருந்தப்ப ஜான்னு ஒரு பாதிரியார் அங்கேருந்து மீன்களை பெர்லினுக்கு, ப்ளோக்ங்கிற மருத்துவருக்கு அனுப்பிட்டிருந்தார். ப்ளோக் 1799ல இறந்துட, ஷ்னைடர் முடிச்சு 1801ல வெளியிட்ட புத்தகத்துல தரங்கம்பாடிப் பேரையே இந்த மீனுக்கு வெச்சுட்டாங்க. ஆஸ்திரேலியாவுல பிடிச்சாலும் ஆராய்ச்சிக்காரர் எருமைன்னுதான் எழுதணும்.

மீனும் லேசுப்பட்டதில்ல. குஞ்சா இருக்கறப்ப பக்கத்துக்கு ஒரு கண்ணு. வளர வளர ஒரு கண்ணு தலைமேல ஏறும். மத்த தட்டை மீன்கள்ல அது முழுசா இந்தப் பக்கம் வந்துடும். இதுல உச்சி ஓரத்துலேயே நின்னுடும். சிலதுக்கு இடப்பக்கம், சிலதுக்கு வலப்பக்கம். வாய் நிறையப் பல்லு. மலையாளத்துல 'ஆயிரம்பல்லி'ன்னே பேரு.

தமிழ் தொன்மைன்னு பக்கம் பக்கமா எழுதறோம். மீன்கார அக்கா வாயில இருக்கற தமிழை மட்டும் மெனு கார்டுல ஏத்த வெட்கப்படறோம். ஓட்டல்காரரை மட்டும் குத்தம் சொல்லி என்ன? திங்கக்கிழமை ஆபீஸ்ல டப்பாவைத் திறந்ததும் "என்ன மீன்?"னு கேட்டாங்க. 'ஃபிஷ் ஃப்ரை'ன்னேன். அந்தப் பரிமாறினவர் மூஞ்சி ஞாபகம் வந்து, அப்புறமாத்தான் எருமை நாக்குன்னேன். ஒருத்தி மட்டும் ஒரு துண்டை திருப்பி வெச்சா. மத்தவங்க காலி பண்ணிட்டாங்க.

குமரி, ராமேஸ்வரம், யாழ்ப்பாணத்து மக்கள் உங்க ஊருல இதுக்கு என்ன பேருன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் சரி.