பிரசவம் பார்க்க மாட்டாங்களாம்!

புனே வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இங்க நம்மாளுங்க யாருக்கு உடம்புக்கு முடியலைன்னாலும் எங்க வீட்டுக்கு ஒரு போன் வந்துடும். போன வருஷம் அப்படி ஒரு ராத்திரி, தங்கமணிகிட்ட போன்ல அழுதது நாலு மாசக் கர்ப்பிணி. (அடையாளம் எல்லாம் மாத்திட்டேன், தேடாதீங்க.)

ரத்தப் பரிசோதனையில எச்.ஐ.வி. இருக்குன்னு தெரிஞ்ச மறுநாளே, அதுவரைக்கும் பார்த்த தனியார் நர்சிங் ஹோம் சொன்னது ரெண்டே வார்த்தை: "கலைச்சுடுங்க. இல்லேன்னா வேற இடம் பாருங்க." ஃபைல் மேல சிவப்பு மையில கொட்டை எழுத்துல நோயோட பேரு. வரவேற்புல உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் படிச்சாங்க.

ஏன் சார், நீங்க படிச்சது எந்த வருஷத்துப் பாடம்?

சிகிச்சையே இல்லேன்னா நூத்துக்கு 15-லேர்ந்து 45 குழந்தைங்களுக்குத் தொற்றும். தாய் ஒழுங்கா ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டா அது அஞ்சுக்கும் கீழ. 2014-லேர்ந்து கர்ப்பிணிகளுக்கு அரசாங்கமே இந்த மாத்திரையை ஆயுசுக்கும் இலவசமாக் கொடுக்குது. வைரல் லோட் நல்லாக் குறைஞ்சிருந்தா இதுக்காக சிசேரியன்கூட வேண்டாம்.

"எங்க நர்ஸுங்க பாதுகாப்பு?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஆனா கையுறையும் முகக்கவசமும் எல்லா நோயாளிக்கும் போட வேண்டியது. பரிசோதனையே பண்ணாம வர்றவங்ககிட்டதானே அதிக ஆபத்து? ஊசி குத்திட்டாலும் 72 மணி நேரத்துக்குள்ள தொடங்க மருந்து இருக்கு.

2017-ல வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, எச்.ஐ.வி.யைக் காட்டி சிகிச்சை மறுக்கக்கூடாது. சம்மதம் இல்லாம கருவைக் கலைக்கக்கூடாது. ரகசியத்தையும் காப்பாத்தணும். சிவப்பு மை எந்தக் கணக்குல சேர்த்தி?

நாம மட்டும் யோக்கியமா? இந்தியாவுல முதன்முதலா, 1986-ல, இதைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னையில, டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். கிட்டத்தட்ட நாப்பது வருஷம் கழிச்சும் நம்ம பொங்கல் விழாவுல அந்தப் பொண்ணு பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு. அவளுக்கு வந்ததே புருஷன்கிட்டேர்ந்து. ஆனா அவர் பக்கத்துல நாலு பேர் உட்கார்ந்து பேசிட்டுத்தான் இருந்தாங்க.

அரசு ஆஸ்பத்திரியில சுகப்பிரசவம். குழந்தைக்கு ஆறு வாரம் சிரப். அப்புறம் எடுத்த முதல் சோதனை நெகட்டிவ். பதினெட்டாவது மாசம் கடைசிச் சோதனை. வேண்டிக்கோங்க.

பி.கு: யாருக்காவது தேவைப்பட்டா 1097. இலவச அழைப்பு. கூச்சப்படாம கூப்பிடுங்க. "யாரு அந்தப் பொண்ணு?"ன்னு மட்டும் என்கிட்ட கேட்காதீங்க.